எதை விற்கக்கூடாது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஓவியம் முறையாகக் கற்றவள் அல்ல. புத்தகங்களையும் காணொளிகளையும் பார்த்துச் சில வருடங்களாக நீர்வண்ணத்தில் வரைகிறேன். நான் வரைந்த ஒரு மூதாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோழி ஒருத்தி “விலை சொல், நானே வாங்கிக்கொள்கிறேன்” என்கிறாள். இணையத்தில் கண்ட ஒரு புகைப்படத்தை வைத்து வரைந்தது அது. மகிழ்ச்சியைவிடக் கூச்சம்தான் அதிகம். எனக்குக் கைவிரல்கள் இன்னும் சரியாக வருவதில்லை. கல்லூரியில் பயின்றவர்கள் பார்த்தால் சிரிப்பார்களோ? விற்கும் அளவுக்குத் தேறிவிட்டேன் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கல்லூரிப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி ரூஸோ பாரீஸில் சுங்கம் வசூலிக்கும் ஊழியராக இருந்தவர், தானே வரையக் கற்றவர். 1886ல், தேர்வுக்குழு இல்லாத ஒரு கண்காட்சியில் தன் படங்களை வைத்தார். நீங்கள் அஞ்சுகிற அந்தச் சிரிப்பு அவருக்கு நிறையவே கிடைத்தது. ஆனாலும் திரும்பத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். வேலையை விட்டது 1893ல்தான்.

விரல்கள் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்கு நம்பிக்கை தந்தது. தன் படங்களில் எது தேறியது, எது தேறவில்லை என்று பிறர் சொல்லாமலே பிரிக்கத் தெரிந்தவர் விற்கத் தொடங்கலாம் என்பது என் எண்ணம். கடைசியாக வரைந்த படங்களை எல்லாம் தரையில் பரப்புங்கள். விற்கக்கூடாதவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வையுங்கள், ஏன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. எல்லாமே நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், எதுவுமே தேறாது என்று தோன்றினாலும் இன்னும் கொஞ்சம் காத்திருங்கள். இரண்டும் கண் பழகாததன் அடையாளம். மிச்சமிருப்பவை ஒரே ஆள் வரைந்தவைபோலத் தெரிகின்றனவா? அவற்றில் ஒன்றை இன்னொருமுறை அதே தரத்தில் வரைய முடியுமா, அல்லது அன்று ஏதோ அமைந்துவிட்டதா? இதற்கு உங்களிடம் நேர்மையான பதில் இருந்தால் போதும். விரல்கள் வரும்போது வரட்டும். அதுவரை கை இல்லாத படங்களை விற்கலாமே!

இனி, வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத சங்கதி. டச்சு ஓவியர் வான்கா 1888ல் வரைந்த தன் படுக்கையறையின் சுவர்கள் வெளிர் ஊதா என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். இன்று நாம் பார்ப்பது நீலம். கலவையிலிருந்த சிவப்பு வெளிறிப்போய்விட்டது. எண்ணெய் வண்ணத்துக்கே இந்தக் கதி என்றால், காகிதத்தின்மேல் மெல்லிய படலமாக நிற்கும் நீர்வண்ணத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. அலிசரின் கிரிம்சன், ஓபரா ரோஸ் போன்ற அழகான நிறங்கள் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்குபவை. குழாயின்மேல் ஒளிதாங்கும் தரம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்களிடம் உள்ள ஒவ்வொரு நிறத்தையும் ஒரு பட்டையாகத் தீட்டி, பாதியை மறைத்து, வெயில் படும் சன்னலில் சில மாதங்கள் ஒட்டி வைத்தால் அதுவே சொல்லிவிடும். காகிதமும் அமிலமற்றதாக, அதாவது நாளடைவில் மஞ்சளாகிப்போகாததாக இருக்கவேண்டும். மலிவான தாளில் பயிற்சி செய்யலாம், ஆனால் காசு வாங்கக்கூடாது.

இப்போது அந்த மூதாட்டி. அதை விற்காதீர்கள். அந்த வெளிச்சம், முகம் திரும்பியிருக்கும் கோணம், எங்கே வெட்டுவது என்ற முடிவு எல்லாம் அந்தப் புகைப்படக்காரருடையவை. கைப்பழக்கத்துக்கு வரைவது வேறு. விற்க அவருடைய அனுமதி வேண்டும். தோழியிடம் உள்ளதைச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டியிடம் கேட்டுக்கொண்டு, எதிரில் உட்காரவைத்து வரைந்து கொடுங்கள். கொஞ்சம் சுமாராக வந்தாலும் அது முழுக்க உங்களுடையது.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படத்தின் அளவை வைத்து ஒரு கணக்கு வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே சொல்லுங்கள். பின்னாளில் ஒரு காட்சிக்கூடம் விற்றுக் கொடுத்தால் பாதிவரைகூடப் பங்கு கேட்கும், அதையும் நினைவில் வையுங்கள். தோழிக்காக விலையைக் குறைக்க வேண்டாம். கொடுப்பதென்றால் சும்மாவே கொடுத்துவிடுங்கள், அதில் ஒரு அழகு இருக்கிறது.

கொடுப்பதற்கு முன் பகல் வெளிச்சத்தில் ஒரு நல்ல புகைப்படம் எடுத்துவிடுங்கள். பின்பக்கம் பென்சிலால் தேதியும் பயன்படுத்திய வண்ணங்களும். படம் கைமாறினாலும் அதைப் பிரதி எடுக்கும் உரிமை பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும். அதையும் தோழியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அன்புடன்