முடிவு தெரிந்த கதையில் குருவின் பொறாமையை எப்படி எழுதுவது?

கேள்வி: என் மாயாஜால நாவலில் வரும் வைத்திய குருவைப் பற்றி முன்கதைக் குறுநாவல் எழுதுகிறேன். சீடன் அவரை மிஞ்சுவான் என்பது வாசகருக்கு முன்பே தெரியும். அப்புறம் எதை வைத்து இழுப்பது?

பதில்: என்ன நடக்கும் என்பதை விட்டுவிடுங்கள். குருவுக்குள் என்ன நடந்தது என்பதுதான் உங்கள் கதை.

சித்தர் மரபில் இதற்கு அருமையான வித்து இருக்கிறது. அகத்தியர் நோயாளியின் மண்டையோட்டைத் திறக்கிறார்; மூளைமேல் ஒரு தேரை. அதை எப்படி எடுப்பது என்று அவர் தயங்க, சீடர் தேரையர் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து அலைய விடுகிறார். தேரை அதில் குதித்துவிடுகிறது. மரபுக்கதையில் குரு பாராட்டுகிறார். நீங்கள் அந்தப் பாராட்டுக்கு முந்தைய நொடியில் நில்லுங்கள். நோயாளி பிழைத்த நிம்மதி, எனக்கு ஏன் தோன்றவில்லை என்ற எரிச்சல், இரண்டும் சேர்ந்தே வரும். மண்டை இன்னும் திறந்து கிடக்கிறது, அதை அவர் மூடியாக வேண்டும். கடமையை இப்படிக் கைவேலையாகக் காட்டுங்கள்.

பொறாமையைக் கொலைவரை கொண்டுபோக வேண்டாம். சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியபடி, பியென் சுவே என்ற வைத்தியரை அவர் திறமை பொறுக்காத சின் நாட்டு அரண்மனை வைத்தியர் லி சீ கொல்லச் செய்தார். ஆனால் லி சீ அவருக்குக் குரு அல்ல. குருவின் பொறாமை சின்னதாக இருக்கும்: பாதரசம் சேர்ந்த ரச மருந்துச் செய்முறையில் ஒரு படியைச் சொல்லித்தராமல் தள்ளிப்போடுவார். "இன்னும் பக்குவம் வரவில்லை" என்பார். பாதரசம் நஞ்சு என்பதால் அது பாதி உண்மையும்கூட. அந்தப் பாதி உண்மைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

அறிபுனை, மாயாஜாலக் கதைகளுக்கான ஹியூகோ விருதின் விதிப்படி குறுநாவல் 17,500 முதல் 40,000 சொற்கள். அதற்கு ஒரு நோயாளியும் மறைத்த ஒரு பாடமும் போதும்.