ஆஸ்பத்திரில தீ புடிச்சா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஆஸ்பத்திரி தீ பாதுகாப்பு பத்தி கேள்வி அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம். நர்ஸுங்க, நோயாளிகளோட சொந்தக்காரங்க, ஆஸ்பத்திரி நடத்துறவங்கன்னு எல்லா பக்கமிருந்தும் வந்திருக்கு. ஒரே மாதிரி வந்ததை சேர்த்து ஒண்ணாக்கி பதில் சொல்றேன்.

கேள்வி: நான் வார்டு நர்ஸ். எங்க காரிடார் நடுவுல ஒரு பெரிய ரெட்டைக் கதவு இருக்கு. ஸ்ட்ரெச்சர், வீல்சேர், மருந்து ட்ராலின்னு நாள் முழுக்க போய்ட்டு வந்துட்டு இருக்கறதால அடில ஒரு கட்டையை சொருகி தெறந்தே வெச்சிருப்போம். சேஃப்டி ஆபீஸர் வர்றப்பல்லாம் அதை எடுத்துட்டு சத்தம் போடறார். ஒரு கதவுக்கு இவ்வளவு சண்டை தேவையா சார்?

பதில்: தேவைதான் சிஸ்டர். மத்த கட்டடங்கள்ல அலாரம் அடிச்சா எல்லாரும் எந்திரிச்சு வெளிய போயிருவாங்கன்னு நம்பித்தான் டிசைனே பண்றாங்க. உங்க எடத்துல அந்த நம்பிக்கை செல்லாது. வென்டிலேட்டர்ல இருக்கறவர், ஆபரேஷன் டேபிள்ல மயக்கத்துல இருக்கறவர், இன்குபேட்டர்ல இருக்கற கொழந்தை, இவங்கள்ல யாரால எந்திரிச்சு ஓட முடியும்? அதனாலதான் ஒவ்வொரு மாடியையும் தீயும் புகையும் தாண்ட முடியாத சுவர் வெச்சு ரெண்டு மூணு பகுதியா பிரிக்கறாங்க, ஒரு பகுதில தீ புடிச்சா பக்கத்து பகுதி கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கணும், நீங்க நோயாளிகளை அங்க தள்ளிட்டு போறதுக்கான நேரம் அதுதான். நீங்க கட்டை சொருகி வெச்சிருக்கற கதவு அந்த சுவர்ல இருக்கற கதவு. அது தெறந்து கெடந்தா சுவர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அமெரிக்கால ஹார்ட்ஃபோர்ட் ஆஸ்பத்திரில 1961 டிசம்பர் 8 அன்னிக்கு குப்பை போடற குழாய்ல புடிச்ச தீ 9-வது மாடில வெளிய பாய்ஞ்சு, சீலிங் டைல் எரியற ரகமா இருந்ததால காரிடார் பூரா பரவிருச்சு. 16 பேர் செத்துட்டாங்க. அதே மாடில கதவை சாத்திட்டு உள்ள இருந்தவங்க நெறைய பேர் பொழச்சாங்க. அந்த தீக்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரி சீலிங், சுவர் இதுக்கெல்லாம் என்ன பொருள் போடலாம்னு கடுமையா பாக்க ஆரம்பிச்சாங்க.

உங்க கஷ்டமும் புரியுது, ஒரு நாளைக்கு நூறு தடவை கதவை தள்ளிக்கிட்டு வேலை பாக்க முடியாது. அதுக்கு வழி இருக்கு. கதவை காந்தம் வெச்சு புடிச்சு நிறுத்தற ஹோல்டர் போட சொல்லுங்க, அதை ஃபயர் அலாரத்தோட இணைச்சிருப்பாங்க, அலாரம் அடிச்சாலோ கரண்ட் போனாலோ காந்தம் விட்ரும், கதவு தானா சாத்திக்கும். கட்டையை எடுத்துட்டு போறதுக்கு பதிலா இதை கேட்டு வாங்கி குடுக்கறதுதான் அந்த ஆபீஸரோட வேலை, தைரியமா கேளுங்க. இன்னொண்ணு, ரூம் கதவு "டக்"குனு சத்தம் போட்டு நோயாளி தூக்கம் கலையுதுன்னு தாழ் நாக்குல பிளாஸ்திரி ஒட்டறாங்கல்ல, அதையும் பிச்சு போடுங்க. தாழ் விழாத கதவை தீயோட அழுத்தம் தள்ளி தெறந்துரும்.

கேள்வி: அப்பா படுத்த படுக்கையா ஆஸ்பத்திரில இருக்கார். ஒருநாள் அலாரம் அடிச்சுச்சு, நான் அவரை தூக்கிட்டு படியில எறங்க பாத்தேன், நர்ஸ் விடல, ரூமுக்குள்ள போய் கதவை சாத்துங்கன்னாங்க. அது சரியா? மாட்டிக்கிட்டா?

பதில்: அந்த நர்ஸ் சொன்னது சரி. ஆஸ்பத்திரில மொதல்ல கீழ போறது இல்ல, பக்கவாட்டுல போறதுதான் முறை. தீ புடிச்ச ரூம்ல இருக்கறவங்களை வெளிய எடுத்து அந்த கதவை சாத்துவாங்க, அப்புறம் அந்த பகுதில இருக்கறவங்களை படுக்கையோட தள்ளிக்கிட்டு அதே மாடில அடுத்த பகுதிக்கு கொண்டு போவாங்க. அதுவும் பத்தாதுன்னாதான் படி. உங்க முறை வர்ற வரைக்கும் சாத்தின கதவுக்கு உள்ள இருக்கறதுதான் பாதுகாப்பு. நீங்க ஆக்சிஜனை கழட்டிட்டு அவரை தோள்ல போட்டுக்கிட்டு படிக்கு போனா, ஒருவேளை படிக்கட்டுல புகை இருந்தா ரெண்டு பேருக்குமே ஆபத்து, கூடவே மேல ஏறி வர்ற தீயணைப்பு ஆளுங்களுக்கும் வழி அடைபடும். லிஃப்ட் பக்கம் போகவே வேணாம்.

ஆனா உங்க ரூமுக்குள்ளயே தீ புடிச்சு புகை வருதுன்னா காத்திருக்காதீங்க, அப்பாவையும் கூட எடுத்துக்கிட்டு குனிஞ்சு வெளிய வந்து கதவை சாத்திட்டு சத்தம் போட்டு கூப்பிடுங்க. அட்மிஷன் போட்ட அன்னிக்கே ஸ்டாஃப்கிட்ட கேட்டு வெச்சுக்க வேண்டியது ஒரே விஷயம்: இந்த மாடில அடுத்த பாதுகாப்பான பகுதி எந்தக் கதவுக்கு அந்த பக்கம்?

கேள்வி: சின்ன ஆஸ்பத்திரி ஒண்ணு நடத்துறோம். ஃபயர் சர்டிஃபிகேட் இருக்கு, எக்ஸ்டிங்குஷர், அதான் தீயணைக்கற சிலிண்டர், வருஷா வருஷம் ரீஃபில் பண்றோம். ஆனாலும் இன்ஸ்பெக்ஷன்ல ஃபால்ஸ் சீலிங்கை கழட்டி பாத்து பெரிய லிஸ்டு குடுத்துட்டு போயிட்டாங்க. மேல அப்படி என்ன இருக்கு?

பதில்: ஓட்டைங்க. கட்டடம் கட்டி முடிச்ச அன்னிக்கு சுவர் முழுசா இருந்திருக்கும். அப்புறம் ஏசிக்காரர் ஒரு ஓட்டை, நெட்வொர்க் கேபிள் இழுத்தவர் ஒரு ஓட்டை, சிசிடிவிக்கு ஒண்ணு, ஆக்சிஜன் பைப்புக்கு ஒண்ணு, எல்லாரும் வேலை முடிஞ்சதும் சீலிங் டைலை மூடிட்டு போயிருவாங்க, கீழருந்து பாக்கறவங்களுக்கு எல்லாம் சரியா இருக்கற மாதிரிதான் தெரியும். புகை மேலதான் போகும், அந்த ஓட்டை வழியா அடுத்த வார்டுக்கு எறங்கும். சாதாரண நுரை ஸ்ப்ரே அடிச்சு அடைக்கறது தப்பு, அது தானே எரியும். தீ தாங்கும்னு டெஸ்ட் பண்ணின சீலன்ட் (ஓட்டை அடைக்கற பசை) வெச்சு, அந்த பைப்புக்கும் அந்த சுவருக்கும் சொன்ன முறைப்படி அடைக்கணும். இனிமே சீலிங்கை தெறக்கறவர் யாரா இருந்தாலும் எழுதி அனுமதி வாங்கணும், வேலை முடிஞ்சதும் உங்க ஆள் ஏணி போட்டு ஏறி பாத்துட்டுத்தான் பில் பாஸ் ஆகணும்னு ஒரு ரூல் போடுங்க. நான் பாத்த வரைக்கும் இந்த ஒரு ரூலை உண்மையா நடத்துற எடத்துல லிஸ்டு பாதியா கொறையும்.

அடுத்தது பேஸ்மென்ட். தயவுசெஞ்சு இன்னிக்கே எறங்கி பாருங்க. கொல்கத்தால ஒரு தனியார் ஆஸ்பத்திரில 2011 டிசம்பர் 9 விடியறதுக்கு முன்னாடி 90 பேர் கிட்ட செத்தாங்க. தீ புடிச்சது கார் நிறுத்தறதுக்குன்னு இருந்த பேஸ்மென்ட்ல, அங்க எரியற சாமானை எல்லாம் போட்டு வெச்சிருந்தாங்க. தீ அங்கயேதான் இருந்துச்சு, புகைதான் மேல ஏறிச்சு, செத்தவங்கள்ல நெறைய பேர் தூக்கத்துலயும் படுக்கையிலயும் மூச்சு முட்டி போனவங்க. பழைய மெத்தை, அட்டைப்பெட்டி, ரெக்கார்டு கட்டு இதெல்லாம் ஜெனரேட்டர் ரூம்லயும் எலக்ட்ரிக் ரூம்லயும் இருக்கவே கூடாது.

மத்தது சுருக்கமா: ஸ்டோர்ல ஸ்ப்ரிங்க்ளருக்கு (தீ புடிச்சா சீலிங்லருந்து தானா தண்ணி தெளிக்கறது) கீழ 45 செ.மீ. காலியா இருக்கணும், இல்லன்னா தண்ணி சாமான் மேல பட்டு தெறிச்சுரும், தீ மேல விழாது. காரிடார் பல நாட்டு விதிகள்ல 2.4 மீட்டர் அகலம், அது ரெண்டு படுக்கை ஒதுங்கி போறதுக்கான எடம், எக்ஸ்ட்ரா பெட் போடறதுக்கு இல்ல. திருட்டு பயத்துல எக்ஸிட் கதவுக்கு பூட்டு போட்டிருந்தா இந்த பத்தியை முடிக்கறதுக்கு முன்னாடி எடுத்துருங்க.

கேள்வி: ஆக்சிஜன் தானா தீ புடிக்குமா? ஐசியூல ஏன் இவ்வளவு பயப்படறாங்க?

பதில்: ஆக்சிஜன் தானா எரியாது, மத்ததை எரிய வெக்கும். சாதாரண காத்துல 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கு, அது ரெண்டு மூணு சதவீதம் கூடினாலே ஆபத்துன்னு கணக்குல எடுத்துக்கறாங்க. போர்வை, தலமுடி, பிளாஸ்டிக் எல்லாமே சீக்கிரம் பத்திக்கும், வேகமா எரியும். பாக்தாத்ல இப்னு அல்-கதீப் ஆஸ்பத்திரில 2021 ஏப்ரல் 24 ராத்திரி ஆக்சிஜன் சிலிண்டர் வெடிச்சு கோவிட் வார்டு எரிஞ்சப்ப 80 பேருக்கு மேல செத்தாங்க, அங்க தீயை கண்டுபிடிக்கற சிஸ்டமே இல்ல.

தினசரி பழக்கம்தான் இங்க முக்கியம். மாஸ்க்கை கழட்டி தலகாணி மேல வெச்சுட்டு ஃப்ளோவை ஆஃப் பண்ணாம விடறது, அந்த ஆக்சிஜன் பூரா துணில ஊறும். இதயத்துக்கு கரண்ட் ஷாக் குடுக்கறப்ப மாஸ்க்கை நெஞ்சுக்கு ஒரு மீட்டராவது தள்ளி எடுங்க. ஆபரேஷனுக்கு ஸ்பிரிட் கலந்த மருந்து தடவினா காயறதுக்கு குறைஞ்சது 3 நிமிஷம் விட்டுத்தான் காட்டரியை (கரண்ட் சூட்டுல சதையை வெட்டற, ரத்தத்தை நிறுத்தற கருவி) தொடணும், அவசரத்துல இதை விட்டு நோயாளி மேலயே தீ புடிச்சது பல நாட்டுல நடந்திருக்கு. அப்புறம் வார்டுக்கு வெளிய சுவர்ல இருக்கற ஆக்சிஜன் வால்வ், அதை யார் மூடலாம், எந்தெந்த படுக்கைக்கு போறதை மூடும், மூடறதுக்கு முன்னாடி யாருக்கெல்லாம் போர்ட்டபிள் சிலிண்டர் மாத்தணும், இது ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் பேர் சொல்லி முடிவாகிருக்கணும். அந்த வால்வை மறைக்கற மாதிரி ட்ராலி நிறுத்தாதீங்க.

கேள்வி: எங்க ஆஸ்பத்திரில ட்ரில், அதான் தீ ஒத்திகை, நடக்கும், காலைல பதினோரு மணிக்கு, எல்லாரும் கையெழுத்து போடுவோம். அது போதுமா?

பதில்: போதாது. ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க வார்டுல எத்தனை ஸ்டாஃப் இருக்காங்க, எத்தனை நோயாளி நடக்க முடியாதவங்க, அந்த ஆளுங்களை வெச்சு ட்ரில் நடத்துங்க. அமெரிக்கால மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் தனித்தனியா கட்டாயம். நோயாளியை நகத்த வேணாம், காலி படுக்கைல ஒரு ஸ்டாஃப் படுத்துக்கட்டும், அடுத்த பகுதிக்கு தள்ளிக்கிட்டு போய் பாருங்க. எந்த கதவுல படுக்கை இடிக்குது, எந்த சக்கரம் சுத்தல, பேட்டரி இல்லாத மருந்து ஏத்தற பம்ப் எதுன்னு அப்பதான் தெரியும். கையெழுத்து பேப்பர்ல இந்த குறைங்க இருக்கணும், யார் எப்ப சரி பண்ணாங்கன்னும் இருக்கணும்.

கேள்வி: எம்ஆர்ஐ ரூம்ல எந்த எக்ஸ்டிங்குஷர் வெக்கலாம்?

பதில்: எம்ஆர்ஐ ஸ்கேன் மெஷினே ஒரு பெரிய காந்தம், அதனால காந்தம் இழுக்காத உலோகத்துல செஞ்சதுன்னு எழுதியிருக்கறது மட்டும். சாதாரண இரும்பு சிலிண்டரை உள்ள கொண்டு போனா காந்தம் அதை பிச்சு இழுக்கும், உள்ள இருக்கறவர் மேல அடிக்கும். மெஷினை ஆஃப் பண்ணாலும் காந்தம் இருந்துட்டேதான் இருக்கும். வெளிலருந்து வர்ற தீயணைப்பு ஆளுங்களுக்கு இது தெரியாம போகலாம், அவங்க இடுப்புலயும் முதுகுலயும் இரும்பு இருக்கும். அதனால கதவுல போர்டு மட்டும் பத்தாது, அந்த ஷிஃப்ட் டெக்னீஷியன் கதவு முன்னாடி நின்னு அவங்களை நிறுத்தி சொல்லணும், காந்தத்தை அணைக்கற பட்டன் எங்க இருக்கு, யார் சொன்னா அதை அழுத்தலாம்னு அவருக்கு தெரிஞ்சிருக்கணும்.