நின்றால் சூடு, ஓடினால் சரி: ரேடியேட்டரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எட்டு வருடப் பழைய பெட்ரோல் கார். நெடுஞ்சாலையில் எவ்வளவு தூரம் போனாலும் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் மேலே ஏறுகிறது, வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடுகிறது. ரேடியேட்டர் போய்விட்டது, புதிது போடலாம் என்கிறார் மெக்கானிக். போடத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். ஓடும்போது முள் இறங்குகிறதே, அதுதான் முக்கியமான துப்பு. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தாலோ தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்ட்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்காமல் சிக்கியிருந்தாலோ, எஞ்சின் அதிகம் உழைக்கும் நெடுஞ்சாலையில்தான் முதலில் சூடு ஏறும். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று போதும். நின்றுவிட்டால் காற்றை இழுத்துத் தர ஃபேனை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான்.

எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில நொடிகளிலேயே ஃபேன் சுற்றத் தொடங்கும். ஏசி இல்லாமலும் கூலன்ட் சூடு ஏறக்குறைய 95 முதல் 105 டிகிரி செல்சியஸை எட்டும்போது அது தானாக ஓட வேண்டும். கையைத் தள்ளியே வையுங்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் சில கார்களில் ஃபேன் திடீரென்று சுற்றும்.

சுற்றவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து ரிலே, அதாவது ஃபேனுக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச். ஃபியூஸ் பாக்ஸில் அதே எண் கொண்ட ஹாரன் ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலே தெரிந்துவிடும். பிறகு ஃபேன் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, கோளாறு சென்சாரிலோ வயரிங்கிலோ இருக்கிறது. மோட்டாரை லேசாகத் தட்டினால் மட்டும் சுற்றுகிறது என்றால் உள்ளே பிரஷ் தேய்ந்துவிட்டது. மோட்டாரைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு வேக ஃபேனில் ரெசிஸ்டர் எரிந்து குறைந்த வேகம் மட்டும் வேலை செய்யாமல் போவதும் உண்டு.

ஃபேன் ஒழுங்காகச் சுற்றினால், ஏசி கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும், ஆனால் இடுக்கில் தூசியும் பூச்சியும் கம்பளி போலப் படிந்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகச் சாதாரண குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பிரஷர் வாஷர் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடிந்து காற்றுவழி நிரந்தரமாக அடைந்துவிடும்.

கூலன்ட் குறைந்திருந்தாலும், உள்ளே காற்று சிக்கியிருந்தாலும் ஐட்லிங்கில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) சூடு ஏறும், அப்போது கூலன்ட் பம்ப் மெதுவாகச் சுற்றுவதால். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே திறக்கவும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். மூடி பழையது என்றால் அதன் மேல் உள்ள 0.9, 1.1 போன்ற அழுத்த எண்ணைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். ஸ்பிரிங் தளர்ந்த மூடியில் அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரமே கொதித்துவிடும்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் சூடாகாது என்கிறார்களே?

பதில்: செய்யாதீர்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். பல எஞ்சின்களில் பைபாஸ் வழியை அடைப்பதும் தெர்மோஸ்டாட்தான். அதை எடுத்துவிட்டால் சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும்.

கேள்வி: கூலன்ட் எதை வாங்குவது?

பதில்: நிறத்தை நம்ப வேண்டாம், அதற்குப் பொதுத் தரம் கிடையாது. வண்டியின் கையேட்டில் உள்ள வகையை வாங்குங்கள். கலந்தே வரும் கூலன்ட்டில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கெட்டியாக வருவதைச் சரிபாதி டிஸ்டில்டு வாட்டரில் கலக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு ரேடியேட்டருக்குள் படிந்துவிடும். அதன் பிறகு மெக்கானிக் சொன்ன அந்தச் செலவு நிஜமாகவே வந்து சேரும்.