பாட்டிலில் கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் என்று இருந்தால் அவ்வளவும் கால்சியமா?

இல்லை. 1250 என்பது உப்பின் எடை. கார்பனேட்டில் 40 விழுக்காடுதான் கால்சியம், ஆக உங்களுக்குக் கிடைப்பது 500 மில்லிகிராம். கால்சியம் சிட்ரேட் என்றால் 21 விழுக்காடுதான். பின்பக்கச் சிறிய எழுத்தில் 'எலிமென்டல் கால்சியம்' (உப்பில் உள்ள கால்சியம் மட்டும்) எவ்வளவு, அது ஒரு மாத்திரைக்கா இரண்டுக்கா என்று பாருங்கள். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு போடுங்கள். ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு சிட்ரேட்டே மேல். ஒரே வேளையில் 500 மில்லிகிராம் கால்சியத்துக்கு மேல் போட்டால் உடம்பு ஏற்கும் விகிதம் குறையும். காலை, இரவு எனப் பிரித்துக்கொள்ளுங்கள். இரும்புச் சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரமும் தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரமும் இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையைத் தே தாரிக் என்ற பால் தேநீரோடு விழுங்கவே வேண்டாம், தேயிலை அதை உறிஞ்சவிடாது.

சிங்கப்பூரில் ஊட்டச்சத்து மாத்திரைகளை விற்குமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி தேவையில்லை. தரத்துக்கும் பாதுகாப்புக்கும் தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், விற்பவரே பொறுப்பு. அதனால் பதிவு எண் இல்லாததை வைத்துப் போலி என்று முடிவுகட்ட முடியாது. நிறுவனத்தின் பெயர், தொகுதி எண், காலாவதி தேதி மூன்றும் தெளிவாக இல்லையென்றால் வாங்காதீர்கள்.

சைவ உணவு உண்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மென்மையான ஜெல் உறைகள் பெரும்பாலும் மாட்டு, பன்றி அல்லது மீன் ஜெலட்டின். நம்மூர் ஈரப்பதத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உள்ளிருக்கும் சிலிக்கா பையை எறியாமல், பாட்டிலை அடுப்பங்கரைக்கு வெளியே வையுங்கள்.