ஊசி அல்ல, ஊருக்கு வந்தபின் காயும் காய்ச்சல்

உகண்டாவுக்குக் கட்டட வேலைக்குப் போகவிருக்கும் கணவரைப் பற்றிக் களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டால் பிள்ளை பெறுவதில் சிக்கல் வருமா என்பது கடைசி வரியில்தான் இருக்கிறது.

வராது, மகள். கலியாணமாகி எட்டு மாதம்தான் என்கிறீர்கள், பயம் விளங்குகிறது. ஆனால் அந்த ஊசி ஆண்மையைக் கெடுக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அப்படிச் சொல்லி உங்கள் போனுக்கு வந்த வீடியோவை அழித்துவிடுங்கள், வேறு யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், 60 வயது கடந்தவர்கள் ஊசிக்கு முன்பே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். உங்கள் கணவருக்கு 31 வயது, ஒரு வருத்தமும் இல்லை. இரண்டொரு நாள் உடம்பு உளையலாம், அவ்வளவுதான். ஊசி போட்டதற்குத் தரும் சான்றிதழான மஞ்சள் அட்டை, போட்டு 10 நாள் கழிந்தால்தான் செல்லும். அதனால் ஊசிக்குக் கொழும்புக்குப் போவதைப் பயணத்துக்கு முதல் நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

எபோலா, பாம்பு எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அவற்றை விடுங்கள். தைபோயிட்டுக்கும் ஈரல் அழற்சிக்கும் உள்ள ஊசிகளைப் பற்றி ஊசி போடும் இடத்திலேயே கேளுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கட்டும்.

இனி, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். "எங்களுக்கு எத்தனை தரம் மலேரியா வந்தது, குளோரோகுயின் போட்டால் சரி" என்று மாமி சொன்னாராம். மாமி சொல்வது அந்தக் காலத்துக்குப் பொய்யில்லை. தொண்ணூறுகளில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேலை செய்தபோது, ஒரு போர்வைக்குள் மூன்று பிள்ளைகள் பல் கிட்டி நடுங்கியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் உகண்டாவில் அதிகம் இருப்பது உயிரைக் குடிக்கும் பல்சிபாரம் மலேரியா. குளோரோகுயின் அதற்குக் கேட்காது. மாமிக்கு அன்று வந்த காய்ச்சல் மகனுக்குக் காப்பும் ஆகாது. அங்கே போகிறவர்களுக்கான தடுப்புக் குளிசையை மலேரியா தடை இயக்கம் இலவசமாகத் தருகிறது, மட்டக்களப்பிலும் அதற்கு அலுவலகம் உண்டு. சில குளிசைகளைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும், திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள்வரை விழுங்க வேண்டும். பாமசியில் தானாக வாங்கிப் போடுவது வேண்டவே வேண்டாம். இரவில் நுளம்பு வலைக்குள் படுக்கட்டும்.

நான் பயப்படுவது அவர் லீவில் வந்து நிற்கும் நாட்களுக்குத்தான். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் இன்று இங்கே ஒருவர் காய்ச்சலோடு வந்தால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டெங்குதான். இரத்தம் பார்க்கிறோம், பிளேட்லெட் குறைந்திருக்கிறது, சரி டெங்கு என்று முடிவாகிவிடும். மலேரியாவிலும் பிளேட்லெட் குறையும்! பல்சிபாரத்துக்கு ஒரு நாள் தாமதமே போதும், மயக்கம், கண் மஞ்சள், கறுத்த சிறுநீர் என்று ஆள் கைமீறிப் போய்விடுவார்.

ஆகவே அவர் வந்து இறங்கும் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். முதல் மூன்று மாதம் மிகக் கவனம், ஒரு வருடம் வரை மறக்கக் கூடாது. தடுப்புக் குளிசை ஒழுங்காகப் போட்டிருந்தாலும் இதேதான். காய்ச்சல் தொட்டால் பனடோலைக் கொடுத்து விடியட்டும் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். முதல் சோதனையில் ஒன்றும் இல்லை என்றாலும் காய்ச்சல் நிற்காவிட்டால் மறுநாளும் பார்க்கச் சொல்லுங்கள். வைத்தியர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள்: "இவர் உகண்டாவில் இருந்து வந்தவர். மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்."