அரசு சேவைகளுக்கு பேக்கப் இருந்தால் போதாதா, தொடர்ச்சித் திட்டம் தனியாக எதற்கு?

போதாது. பேக்கப் தரவைக் காப்பாற்றும். ஆனால் கணினி முடங்கிய அன்று கவுண்டர் முன்னால் நிற்பவருக்கு யார், எப்படி வேலையை முடித்துக் கொடுப்பது? எந்தச் சேவை ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாது, எது ஒரு வாரம் தாங்கும்? இதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதுதான் தொடர்ச்சித் திட்டம்.

பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்.ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற வைரஸ் அதன் கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அதன் 236 நிர்வாகப் பிரிவுகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. சுமார் 19,000 அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். 5 பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களையே வேறு மருத்துவமனைக்குத் திருப்பிவிட வேண்டியிருந்தது. வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

என்னை இன்றும் உறுத்துவது இதுதான்: சுகாதாரத் துறையிடம் திட்டம் இருந்தது! உள்ளூர் அளவில் யாரும் அதை ஒத்திகை பார்க்கவில்லை, அவ்வளவுதான். யார் தலைமை ஏற்பது என்பதிலேயே குழப்பம். மின்னஞ்சலும் முடங்கியதால் ஊழியர்கள் சொந்தக் கைபேசியில், வாட்ஸ்அப் வழியாகவும் பேசிக்கொண்டார்கள்.

சரி, உங்கள் அலுவலகத்தில் எங்கே தொடங்குவது? முக்கியமானவர்களின் தொலைபேசி எண்களைக் காகிதத்தில் அச்சடித்து வையுங்கள். அப்புறம் ஒரு நாள், அரை நாளாவது, கணினியைத் தொடாமல் வேலை செய்து பாருங்கள். எந்தப் படிவம் கையில் இல்லை, யாருடைய கையெழுத்துக்காக எல்லாம் நிற்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும்.