பயிற்சிக்கா, மாநாட்டுக்கா? கடலியல் மாணவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கடல் உயிரியல், கடலியல், சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களிடம் பயிற்சிகளையும் மாநாடுகளையும் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன். மாணவர்களை அனுப்புகிற இடத்திலும் இருந்திருக்கிறேன், விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கிற இடத்திலும் இருந்திருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

மேடம், எம்.எஸ்சி. முதல் வருடம் படிக்கிறேன், தூத்துக்குடி. கையில் பணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஹைதராபாத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே இன்கோயிஸ் நிறுவனம் இருக்கிறது. சுனாமி எச்சரிக்கை, அலை உயர எச்சரிக்கை, மீன் எங்கே கூடும் என்று மீனவர்களுக்குப் போகும் அறிவிப்பு எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. அதே வளாகத்தில் ஐ.டி.சி.ஓ. ஓஷன் என்று ஒரு பன்னாட்டுப் பயிற்சி மையம் இயங்குகிறது. யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றது. கடல் நிறத்தைச் செயற்கைக்கோளில் படிப்பது, மீன்வளக் கடலியல், கடல் தரவுகளைக் கையாள்வது என்று ஓரிரு வாரப் பயிற்சிகள் நடத்துகிறார்கள். பலவற்றுக்குக் கட்டணம் கிடையாது. இணையவழியிலும் நடக்கும்.

இன்னொன்று, ஓஷன் டீச்சர் குளோபல் அகாதெமி. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் நகரிலிருந்து நடத்துகிறது. வீட்டில் உட்கார்ந்தபடியே படிக்கலாம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். எந்தப் பயிற்சிக்குப் போனாலும் உங்கள் தரவு ஏதாவது கையில் இருக்கட்டும். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே ஆறு மாதம் வாரம் ஒருமுறை வெப்பநிலையும் உப்புத்தன்மையும் அளந்து ஒரு நோட்டில் எழுதியிருந்தால் அதுவே போதும். பயிற்சியில் தருகிற மாதிரித் தரவில் எல்லாம் அழகாக வரும். சொந்தத் தரவை உள்ளே போட்டால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும், கேள்வி வரும்.

பிஎச்.டி. இரண்டாம் வருடம், சென்னை. வருடத்துக்கு இரண்டு மாநாட்டிலாவது பேப்பர் வாசிக்க வேண்டும் என்கிறார் கைடு. போன வருடம் மட்டும் நாற்பதாயிரம் செலவு. உண்மையில் பயன் உண்டா?

உங்கள் கைடு சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆய்வேட்டுக்கு முன் நாலு பேர் முன்னால் பேசிப் பழக வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால், ஐந்து மாநாட்டைவிட ஒரு கப்பல் பயணம் மேல்.

ஏன் என்று சொல்கிறேன். கடலின் உப்புத்தன்மை, வெப்பநிலை, ஆழம் மூன்றையும் அளக்கும் சி.டி.டி. கருவியை ஆழத்துக்கு இறக்கி மேலே எடுக்கிறார்கள். அதைச் சுற்றியிருக்கும் குடுவைகளில் வெவ்வேறு ஆழத்து நீர் நிரம்பியிருக்கும். எல்லோரும் பாட்டிலோடு ஓடி வருவார்கள். யார் முதலில் எடுப்பது? பாடப்புத்தகத்தில் இந்தக் கேள்வியே இருக்காது. கப்பலில் முதல் நாளே தெரிந்துவிடும்: கரைந்த ஆக்சிஜன் அளப்பவர்தான் கிட்டத்தட்ட எல்லோருக்கும் முன்னால். குடுவையைத் திறந்தவுடன் காற்று உள்ளே போய் அளவை மாற்றிவிடும். ரப்பர் குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு, ஒரு குமிழிகூட வராமல் நிரப்பி, வழியவிட்டு, உடனே மாங்கனீஸ் குளோரைடும் கார அயோடைடும் விட்டு மூடிக் குலுக்க வேண்டும். மேற்பரப்பு நீர் என்றால் நல்ல பழுப்பு நிறத்தில் வீழ்படிவு இறங்கும். அரபிக்கடலில் முந்நூறு மீட்டர் ஆழத்து நீரில் அதே வீழ்படிவு ஏறக்குறைய வெள்ளையாக நிற்கும், ஏனென்றால் அங்கே ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம். 'ஆக்சிஜன் குறைந்த மண்டலம்' என்று நூறு முறை படித்தவர்கள் அந்த வெள்ளையைப் பார்த்து வாயடைத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் அவர்கள் எழுதுகிற ஆய்வுக்கட்டுரையே வேறு மாதிரி இருக்கும்.

சாகர் நிதி, சாகர் சம்பதா, சிந்து சாதனா போன்ற ஆராய்ச்சிக் கப்பல்களில் பல்கலைக்கழக மாணவர்கள் போவது உண்டு. விளம்பரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். சென்னை என்.ஐ.ஓ.டி. (கடல் தொழில்நுட்ப நிறுவனம்), கொச்சி சி.எம்.எல்.ஆர்.இ. (கடல்வாழ் வளங்கள் மையம்), கோவா என்.ஐ.ஓ. (தேசியக் கடலியல் நிறுவனம்) ஆகிய இடங்களில் உங்கள் துறைக்கு நெருக்கமான விஞ்ஞானி யார் என்று பார்த்து, உங்கள் கைடு மூலம் ஒரு கடிதம் போடுங்கள். 'எனக்கு இந்த அளவீடு தெரியும், இரவு ஷிப்டிலும் வேலை செய்வேன்' என்று எழுதுங்கள். இரவு ஷிப்டுக்கு ஆள் கிடைப்பது எப்போதும் கஷ்டம்.

'மதிப்புக்குரிய சிறப்புரையாளர்' என்று எனக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. துபாயில் கடல் அறிவியல் மாநாடு, பதிவுக் கட்டணம் 600 டாலர். போகலாமா?

வேண்டாம். எம்.எஸ்சி. முடித்த உடனே ஒருவரைச் சிறப்புரைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். வருத்தப்படாதீர்கள், அழைப்பு உங்கள் ஆய்வைப் படித்து வந்ததல்ல, உங்கள் மின்னஞ்சல் முகவரி கிடைத்து வந்தது.

நானும் ஏமாந்திருக்கிறேன். முனைவர் பட்டம் படிக்கும்போது மூன்று மாத ஃபெல்லோஷிப் பணத்தைக் கட்டி வெளியூர் போனேன். ஹோட்டல் ஹாலில் பதினைந்து பேர்கூட இல்லை. வண்டல் படிவில் இருக்கும் உலோகங்கள் பற்றி நான் பேசி முடித்ததும் அடுத்து ஒருவர் பல் மருத்துவம் பற்றிப் பேசினார். எனக்கு யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்று இரவு அழுதது இன்னும் நினைவிருக்கிறது, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இது சின்ன வியாபாரம் இல்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனம் இப்படிப்பட்ட மாநாடுகளையும் ஆய்விதழ்களையும் நடத்தி ஏமாற்றியதாக அமெரிக்க நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்து, ஐந்து கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது.

பார்க்க வேண்டியவை: அமைப்புக் குழுவில் இருப்பவர்களில் இரண்டு பேருக்கு நேரே எழுதிக் கேளுங்கள், தங்கள் பெயர் அதில் இருப்பதே சிலருக்குத் தெரியாது. ஒரே ஹோட்டலில் ஒரே தேதியில் பத்துத் துறைகளுக்கு மாநாடு என்றால் விட்டுவிடுங்கள். ஆய்வுச்சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்பு வந்தாலும் விட்டுவிடுங்கள். யாராவது படித்திருந்தால் ஒரு நாளில் பதில் வராது.

பவளப்பாறை பற்றி ஆராய்ச்சி செய்கிறேன், ராமநாதபுரம். எந்த மாநாடு உருப்படியானது?

உங்கள் துறையின் பெரிய மாநாடு உங்கள் ஊர்ப் பக்கம்தான் பிறந்தது, தம்பி. பன்னாட்டுப் பவளப்பாறை மாநாடு முதன்முதலில் 1969இல் மண்டபம் கேம்ப்பில் நடந்தது. இந்தியக் கடல் உயிரியல் சங்கம் நடத்தியது. இரண்டாவது மாநாட்டை 1973இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் நடுவே ஒரு கப்பலிலேயே நடத்தினார்கள். மண்டபத்தில் தொடங்கியது அப்படியே உலகம் சுற்றி 2022இல் ஜெர்மனியின் பிரேமன், 2026க்கு நியூசிலாந்தின் ஆக்லாந்து என்று போய்க்கொண்டிருக்கிறது. சுமார் நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். முனைவர் பட்டக் காலத்தில் ஒரு தடவைதான் வாய்க்கும், அதனால் முதல் வருடத்திலேயே கணக்குப் போட்டு வையுங்கள்.

பொதுவாகக் கடலியலுக்கு என்றால் இரட்டைப்படை வருடங்களில் நடக்கும் ஓஷன் சயின்ஸஸ் மீட்டிங் மிகப் பெரியது. ஆனால் முதல் மாநாடு உள்நாட்டில் இருக்கட்டும். கொச்சியில் கடல் உயிரியல் சங்கம் நடத்தும் மெகோஸ், இந்தியப் பெருங்கடலியல் சங்கத்தின் ஓசிகான் இரண்டும் நல்லவை. நீங்கள் யாருடைய கட்டுரைகளைப் படிக்கிறீர்களோ அவர்களே டீ கோப்பையோடு பக்கத்தில் நிற்பார்கள். பெரிய மாநாடு நம்மூருக்கே வருவதும் உண்டு: கடலும் வளிமண்டலமும் சந்திக்கும் இடத்தை ஆராயும் சோலாஸ் அமைப்பின் மாநாடு 2024இல் கோவாவில் நடந்தது. அப்படி வரும்போது விடவே கூடாது.

பயணச் செலவுக்கு யாரைக் கேட்பது?

முதலில் மாநாட்டையே கேளுங்கள். மாணவர் உதவித்தொகைக்குத் தனிப் படிவம் இருக்கும், கடைசித் தேதி பெரும்பாலும் ஆய்வுச்சுருக்கத்தின் கடைசித் தேதியோடு ஒட்டியே வரும். நம் பிள்ளைகள் ஏற்பு வந்த பிறகு தேடுகிறார்கள், அதற்குள் கதவு மூடிவிடுகிறது.

அடுத்து இந்திய அரசின் பன்னாட்டுப் பயண உதவித் திட்டம். முன்பு எஸ்.இ.ஆர்.பி. என்ற ஆராய்ச்சி நிதி வாரியம் கொடுத்தது, அந்த அமைப்பு இப்போது ஏ.என்.ஆர்.எஃப். என்ற தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது. சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம்) பக்கமும் பாருங்கள். பணம் பெரும்பாலும் திரும்பி வந்து கணக்குக் கொடுத்த பிறகுதான் கைக்கு வரும். போர்டிங் பாஸைத் தொலைத்துவிடாதீர்கள்.

இத்தாலியின் ட்ரியஸ்டே நகரில் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய ஐ.சி.டி.பி. என்ற பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையம் இருக்கிறது. காலநிலை, கடல் மாதிரியாக்கம் பற்றிய பயிலரங்குகளுக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது, வளரும் நாட்டு மாணவர்கள் சிலருக்குப் பயணமும் தங்குமிடமும் தருகிறார்கள். ஐரோப்பா என்றால் ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் கடற்றொழில் விஞ்ஞானம் படிக்கிறேன். இந்தியாவில் நடக்கிற பயிற்சிகளுக்கு எங்களையும் எடுப்பார்களா?

கட்டாயம். ஹைதராபாத் மையம் இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கும் சேர்த்துத்தான். ஐடெக் என்று இந்திய அரசின் திட்டம் ஒன்றும் இருக்கிறது, விமானச் செலவும் தங்குமிடமும் அவர்களே தருவார்கள். அது பெரும்பாலும் வேலையில் இருப்பவர்களுக்கு, எனவே படிப்பு முடித்து ஏதாவது நிறுவனத்தில் சேர்ந்ததும் நினைவில் வையுங்கள். கொழும்பில் நாரா என்ற நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்தோடும் தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் எங்கள் மாணவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது 1,600 டன்னுக்கும் மேல் பிளாஸ்டிக் குருணை உங்கள் கடலில் கொட்டியது. உங்கள் கரையில் இன்னும் குருணை கிடைக்கிறதா என்று ஒரே இடத்தில் மாதாமாதம் அரித்துப் பாருங்கள். கிடைத்தால் எண்ணி, நிறம் பார்த்து எழுதுங்கள், கிடைக்காவிட்டால் அதையும் எழுதுங்கள். நுண்பிளாஸ்டிக் பயிற்சி எதற்கு விண்ணப்பித்தாலும் அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.

போகோ ஃபெல்லோஷிப்புக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. என்ன தப்பு?

முதலில் அறியாதவர்களுக்கு: போகோ என்பது கடல் ஆய்வு நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு. கடல் ஆராய்ச்சிக்கான பன்னாட்டுக் குழுவான ஸ்கோர் அமைப்போடு சேர்ந்து ஒன்று முதல் மூன்று மாதம் வரை வேறொரு ஆய்வகத்தில் பயிற்சி பெற உதவுகிறது. நிப்பான் அறக்கட்டளையோடு சேர்ந்து பத்துப் பேருக்குப் பத்து மாதம் என்று நீண்ட பயிற்சியும் நடத்தியது, முதலில் பெர்முடாவில், 2013 முதல் ஜெர்மனியின் ஹெல்கோலாந்து தீவில். அந்தத் தீவில் 1962 முதல் வேலை நாள்தோறும் கடல்நீர் எடுத்து அளந்து வருகிறார்கள். அப்படி ஓர் இடத்தில் பத்து மாதம் இருப்பதே பெரிய படிப்பு.

உங்கள் விண்ணப்பத்தை அனுப்பியிருந்தீர்கள், படித்தேன். 'கடலைக் காக்க வேண்டும் என்பது சிறுவயது முதல் என் கனவு' என்று தொடங்குகிறது. நூறு விண்ணப்பத்தில் எழுபது அப்படித்தான் தொடங்கும். மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: வெள்ளாற்று முகத்துவாரத்தில் பதினான்கு மாதம் மாதிரி எடுத்திருக்கிறீர்கள். அதை முதல் வரிக்குக் கொண்டு வாருங்கள். இப்படி: 'வெள்ளாற்று முகத்துவாரத்தில் 14 மாதம் குளோரோஃபில் அளந்தேன். ஜூனில் வரும் உயர்வு ஆற்றிலிருந்தா கடலிலிருந்தா என்று பிரிக்கச் செயற்கைக்கோள் தரவு வேண்டும். அதைக் கையாள எனக்குத் தெரியாது. உங்கள் ஆய்வகத்தில் அதைத்தான் செய்கிறீர்கள்.' நாலே வரி. தெரியாததைத் தெரியாது என்று எழுதப் பயப்படாதீர்கள். எல்லாம் தெரிந்தவருக்குப் பயிற்சி எதற்கு என்றுதான் குழுவில் இருப்பவர் நினைப்பார்.

பரிந்துரைக் கடிதத்தையும் உங்களைத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். துணைவேந்தரின் நாலு வரியைவிட, உங்களோடு படகில் வந்த ஆசிரியரின் ஒரு பத்தி பலமடங்கு மேல்.

சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறேன், கோயம்புத்தூர். கடல் பக்கமே போனதில்லை. எனக்கு ஏதாவது உண்டா?

உண்டு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது, பிச்சாவரம் அலையாத்திக் காடு பக்கத்திலேயே. ஐ.நா. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வெளிநாட்டவருக்கே பல வருடம் அலையாத்திப் பயிற்சி நடத்திய இடம் அது. கடிதம் எழுதிவிட்டு ஒரு வாரம் போய் இருந்து பாருங்கள். கடல் அமிலமாதல் ஈர்த்தால் கோவா-ஆன் (GOA-ON, ஊர்ப்பெயர் அல்ல) என்ற உலக வலையமைப்பில் பியர்-டு-பியர் திட்டம் இருக்கிறது. மூத்த ஆய்வாளர் ஒருவரை உங்களுக்கு வழிகாட்டியாகச் சேர்த்துவிடுவார்கள்.

போஸ்டர் எப்படிப் போடுவது?

ஏ0 அளவு, 84க்கு 119 சென்டிமீட்டர், நெட்டாக. துணியில் அச்சடியுங்கள், மடித்துப் பெட்டியில் வைத்துவிடலாம். பெரிய வரைபடம் ஒன்று, சின்னது இரண்டு, போதும். மூன்றடி தள்ளி நின்று படிக்க முடியவில்லை என்றால் வரிகளைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

மேடம், கப்பலில் இடம் கிடைத்திருக்கிறது. அப்பா விடமாட்டேன் என்கிறார்.

அப்பாவுக்குக் கோபம் இல்லை, பயம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். யார் யார் வருகிறார்கள், எத்தனை பெண்கள், அறை யாரோடு, எந்தத் துறைமுகத்தில் ஏறி எங்கே இறங்குவது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தலைமை விஞ்ஞானியை அப்பாவோடு ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். பேசுவார்கள், நாங்கள் எல்லோருமே பேசியிருக்கிறோம். 1983இல் புறப்பட்ட மூன்றாவது இந்திய அண்டார்டிகா பயணத்திலேயே அதிதி பந்த் என்ற கடலியலாளரும் சுதீப்தா சென்குப்தா என்ற நிலவியலாளரும், இரண்டு பெண்கள், போய்வந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். அப்போது அவர்கள் வீட்டிலும் யாரோ பயந்திருப்பார்கள். அம்மாவை முதலில் உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தை விட்டுவிடாதீர்கள், அம்மா.

கப்பலில் வாந்தி வருமா?

பலருக்கும் வரும், முதல் இரண்டு நாள். மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும், மயக்கம் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள், பொரியும் உப்பு பிஸ்கட்டும் பையில் வையுங்கள். அறையில் படுத்தே கிடக்காமல் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள். மூன்றாம் நாள் காலையில் பசி எடுத்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்கு வந்துவிடுங்கள்.